கருமணலும் காரின் புகைக்குழாயும்

காரின் அடிவயிற்றில் இருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி முழுவதையும் எங்கள் ஊரில் சைலன்சர் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவார்கள். அதனை டைட்டேனியம் என்னும் உலோகத்தில் வாங்குவது தகுமா, தகாதா என்ற கேள்வி எனது முதுமைக்காலத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் என்னை விடாது பற்றியிருந்தது. வேகமாகக் கார் ஓட்டும் இளைஞருக்கு எழவேண்டிய கேள்வி அது. எனக்கு எழுந்ததற்குக் காரணம் என் மனைவியார். அவர் எனது காரில் ஏறுவதை நிறுத்திக்கொண்டார்.

கார் ஜப்பானில் செய்யப்பட்டது, பழையது. துறைமுக வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது, இனியாவது இருவரும் சேர்ந்து நாலு இடங்களுக்குப் போய்வரலாம் என்ற எண்ணத்தில் அதனை வாங்கினேன். எங்கள் வீடு திருகோணமலை உட்துறைமுகத்தின் கரையை ஒட்டியது. வாடைக் காலத்தில் முற்றத்துக் கொடியில் உலரும் துணியில்கூட உப்புப் படியும். அந்தக் காற்று காரின் அடிப்பக்கத்தை வெளியே இருந்து தின்றது. உள்ளே இருந்து தின்றது வேறொன்று. நான் சந்தைக்கும் தபாற்கந்தோருக்கும் மட்டுமே கார் எடுப்பவன். குறுகிய ஓட்டத்தில் குழாய் நன்றாகச் சூடேறுவதில்லை. புகையோடு வரும் நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கிவிடும். இவ்வாறு இரு பக்கமும் அரிக்கப்பட்ட இரும்பு எத்தனை காலம் நிலைக்கும்?

சைலன்சர் பின்பக்கத்தில் ஓட்டை விழுந்ததும் புகை டிக்கியின் கீழே சேர்ந்து, தகரத்தில் இருந்த துருத் துளைகளினூடாக உள்ளே வந்தது. என் மூக்கு நீண்ட காலம் கப்பற் புகைக்குப் பழகியதாகையால் எனக்கு எதுவும் தெரியவில்லை. என் மனைவியார்தான் முதலில் சொன்னார். தலையிடி, பின்பு வாந்தி வரும்போல ஓங்காளம். யன்னல்களைத் திறந்துவிட்டேன். அதனால் நிலைமை மோசமானது. ஓடும் கார் தனக்குப் பின்னே விடும் புகையைத் தானே இழுத்து உள்ளே எடுக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அவருடைய தமக்கையார் குச்சவெளியில் இருக்கிறார். கால் இயலாதவர், வீட்டு வாசலைத் தாண்டி நெடுநாள். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குச் சமைத்த சாப்பாடும் வேண்டிய சாமான்களும் கொண்டுபோவது எங்கள் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் காரைத் திருப்பி நிறுத்தியிருக்க, என் மனைவியார் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பின் ஆசனத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தாம் வெளியிலேயே நின்றார்.

"இஞ்சேருங்கோ, நான் பஸ்ஸில வாறன். நீங்கள் சாமானைக் கொண்டு வாங்கோ."

"என்ன கதை இது? கார் நிக்குது."

"கார் நிக்கட்டும். எனக்கு அதுக்குள்ள இருக்க ஏலாது."

அன்று தொடங்கி அவர் பஸ்ஸிலும் நான் அதன் பின்னே காரிலுமாகப் போகலானோம். முழங்கால் வலியோடு பஸ் படியில் ஏறுபவரை நான் முன்கண்ணாடியினூடாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் நின்ற இடமெல்லாம் நானும் நிற்பேன். முந்திச் செல்ல மனம் வராது. சில வாரங்களில் பஸ் நடத்துநர் எங்களை அறிந்துகொண்டார். அவர் கேட்டதை என் மனைவியார் வந்து சொன்னார்.

"அம்மா, பின்னால ஐயாட கார் வருது. பஸ் பழுதானால் எங்களையும் ஏத்துவாரோ?"

"ஏத்துவார் தம்பி. ஒருக்கா ஏறினியள் எண்டால் பிறகு பஸ்ஸைக் கும்பிடுவியள்."

பஸ் முழுவதும் சிரித்ததாம். நானும் சிரித்தேன். ஆயினும், ஒரே வீட்டில் இருந்து ஒரே இடத்துக்குப் போகும் இருவர் இரண்டு வாகனங்களில் போவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

சைலன்சர் ஒட்டும் வெல்டிங் கடை மின்சார நிலைய வீதியில் இருக்கிறது. கடைக்காரர் எனது காரின் கீழே படுத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு துண்டு உடைந்து அவருடைய நெஞ்சின் மீது விழுந்தது.

"ஐயா, இனி இதில ஒட்டுறதுக்கு இரும்பு இல்லை. துருவைத் துருவோட ஒட்டச் சொல்லுறியள்."

"அப்ப புதுசு போடுவம்."

"போன முறையும் புதுசுதானே போட்டது? உங்கட வீடு கடலுக்கை கிடக்கு. ஒண்டில் வீட்டை மாத்துங்கோ, இல்லாட்டி டைட்டேனியத்தில போடுங்கோ. அது உங்களுக்குப் பிறகும் கிடக்கும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் அதனைப் பகிடியாக எடுக்கவில்லை. ஏனெனில் டைட்டேனியம் என்ற சொல் எனக்குப் புதியதன்று. குச்சவெளிக்கு அப்பால் புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கருமணலில் இருந்து எடுக்கப்படுவது அது. அந்த மணலைக் கப்பலில் ஏற்றும் வேலையில், மூடைகளைக் கணக்கிட்டு நிறை பார்ப்பவனாக எனது உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். மேற்படிப்புப் படிக்க எனக்கு வாய்க்கவில்லை. மணலைப் பற்றி நான் அறிந்தவையெல்லாம் மணலிடம் இருந்தே அறிந்தவை.

அந்த மணலோடு புழங்கிய எவருக்கும் இரண்டு விடயங்கள் ஐயமின்றித் தெரியும். ஒன்று, அதன் பாரம். கடற்கரை வெண்மணல் என்று எண்ணி ஒரு வாளியைத் தூக்கப்போனவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மற்றது, அது காந்தத்துக்கு வசப்படும் என்பது. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி இழுத்தால், கருமணல் முள்ளம்பன்றியின் முள்ளைப் போலச் சிலிர்த்து எழுந்து ஒட்டிக்கொள்ளும். கப்பல் வரத் தாமதித்த நாட்களில் இதுவே எங்கள் பொழுதுபோக்கு. ஆகவே டைட்டேனியம் என்றால் பாரமானது, காந்தம் ஒட்டக்கூடியது என்பது எனக்கும் என்னோடு வேலை செய்த அனைவருக்கும் ஐந்தும் மூன்றும் எட்டு என்பதைப் போன்ற உண்மையாக இருந்தது.

ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களின் உறுப்புகளை விற்பவர் ஒருவர் கிண்ணியாவில் இருப்பதாக வெல்டிங் கடைக்காரர் சொன்னார். போகுமுன் என் மனைவியாரிடம் விடயத்தைச் சொன்னேன். விலை எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். விசாரித்து அறிந்த தொகையைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"அந்தக் காசுக்கு நான் சாகுமட்டும் பஸ்ஸில போகலாம். செத்த பிறகும் கொஞ்ச நாள் போகலாம்."

"அது துருப்பிடியாது."

"எனக்கும் துருப்பிடியாது. விடுங்கோ."

அவர் சொன்ன கணக்குப் பிழையில்லாதது. ஆனால் அது பஸ்ஸுக்கும் காருக்கும் இடையிலான கணக்கு. நான் விரும்பியது அவர் என் பக்கத்தில் இருந்து வருவதை. அதனை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காந்தத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால், இறங்கிய பின் கடை தொலைவில் இல்லை. கடைக்காரர் நடுவயதினர். பேச்சுக் கொடுத்தபோது அவருடைய தந்தையாரும் எங்களோடு மணல் மூடை சுமந்தவர் என்று தெரியவந்தது. அதன் பின் எனக்குக் கதிரை வந்தது. இஞ்சித் தேத்தண்ணி வந்தது.

"ரெண்டு கிடக்கு ஐயா. ரெண்டும் டைட்டேனியம் எண்டு சொல்லித்தான் கொழும்பில தந்தாங்க. எதெண்டாலும் ஒரே விலைதான்."

இரண்டையும் வெளியே கொண்டுவந்து வைத்தார். ஒன்று மங்கிய சாம்பல் நிறம், அங்கங்கே கீறல், பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லை. மற்றது மினுங்கிற்று. அதன் வால்முனையில் மயிற்கழுத்தின் நீலமும் ஊதாவும் படர்ந்திருந்தன. நான் சாம்பல் நிறக் குழாயை இரு கையாலும் தூக்க ஆயத்தமாகக் குனிந்தேன். அது ஒரு கையோடு எழுந்து வந்துவிட்டது.

"தம்பி, இதென்ன தகரமோ?"

"எனக்கும் அந்த யோசினை இருந்திச்சு ஐயா. பால்மா டின் கணக்கா கிடக்கு."

"டைட்டேனியம் எண்டால் பாரம் இருக்கோணும். மண் மூடை சுமந்த ஆக்களைக் கேளுங்கோ."

"என்னத்துக்குக் கேக்க? வாப்பாட முதுகு போனதே அதாலதான்."

காந்தத்தை எடுத்தேன். சாம்பல் நிறக் குழாயில் வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தேன், அங்கும் விழுந்தது. மினுங்கும் குழாயின் அருகே கொண்டுபோனதும் என் விரலை இழுத்துக்கொண்டு போய் 'டக்' என்று ஒட்டியது. கடைக்காரர் நெற்றியில் கையால் அடித்துக்கொண்டார்.

"ஏமாத்திட்டான் ஐயா! கொழும்புக்காரன் என்னை ஏமாத்திட்டான்!"

அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்துக் கொழும்பு வியாபாரியை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் பேச இடம் கிடைக்காத அளவுக்கு ஏசினார். ஒருவாறு அவருக்கு இடம் கிடைத்து ஏதோ சொல்ல, இவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவன் சொல்றான் ஐயா, டைட்டேனியத்தில காந்தம் ஒட்டாதாம். பாரமும் இருக்காதாம்."

"அவர் கொழும்பில கடலைக் கண்டிருப்பார். மணலைக் கண்டிருப்பாரோ?"

"கேட்டியா? முப்பது வருசம் அந்த மண்ணைக் கப்பல்ல ஏத்தின ஐயா பக்கத்தில நிக்கிறார்! அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மினுங்கும் குழாயை அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன். நல்லதை அடையாளங் கண்டு கொடுத்தமைக்காகப் பாலம் வரையில் என் காரின் முன்னே தமது மோட்டார் சைக்கிளில் வந்து வழியனுப்பினார். சாம்பல் நிறக் குழாய் கடையின் பின்பக்கத்துக்கு எறியப்பட்டதைப் புறப்படும்போதே கண்டேன்.

வெல்டிங் கடைக்காரர் அதனைப் பூட்டும்போது வியந்தார். "டைட்டேனியம் ஒட்டுறது லேசில்லை எண்டு சொல்லுவினம். இது வெண்ணெய் மாதிரி ஒட்டுது ஐயா." பொருளின் உயர்தரத்துக்கு அதுவும் ஒரு சான்று என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவியார் காரில் ஏறினார். புகை மணம் இல்லை. கோடை முழுவதும் நாங்கள் ஒன்றாகக் குச்சவெளிக்குப் போனோம். நிலாவெளியில் இளநீர் குடித்தோம். ஒருநாள் திரும்பும் வழியில் சல்லி அம்மன் கோயிலுக்கும் போனோம். அந்த மாதங்களில் குழாயின் விலை எனக்கு ஒரு தரமேனும் நினைவுக்கு வரவில்லை. அவர் மட்டும், "உங்கட தங்கக் குழாய் எப்பிடி?" என்று இடையிடையே கேட்பார். "டைட்டேனியம்" என்று திருத்துவேன். "ஓம், அதுதான்" என்பார்.

பின்பு மாரி வந்தது. வீதியில் வெள்ளம் நின்றது. காற்றில் உப்பு நின்றது. மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, நிலாவெளிக்குக் கிட்டவாகப் போகையில் அவர் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனார்.

"நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான்."

நிறுத்தினேன். அவர் இறங்கி வீதியோரத்தில் ஓங்காளித்தார். தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காரின் பின்னால் குந்திப் பார்த்தேன். மயிற்கழுத்து நீலம் மீன் செதில் போலக் கழன்றிருந்தது. அதன் கீழே பழகிய செம்மண் நிறத் துரு. வெல்டிங் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் எனது சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பஸ் வந்தது. அவர் ஏறினார். ஏறும்போது, "வாங்கோ பின்னால" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

மறுநாள் நான் கிண்ணியாவுக்குப் போனபோது என்னிடம் நல்ல எண்ணம் எதுவும் இருக்கவில்லை. கடைக்காரர் வாகன உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். என் காரின் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"அல்லாஹ்வே! ஐயா, இது காந்தம் பிடிச்ச சாமானெல்லோ?"

"பிடிச்சது. நானும் கண்டனான், நீங்களும் கண்டனீங்கள்."

"அப்ப எப்பிடித் துருப்பிடிக்கும்?"

அவர் என்னைக் கடையின் பின்பக்கமாக அழைத்துப்போனார். கொழும்பில் வேறு ஒருவரிடம் இருந்து சாமான் வந்திருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். பின்பக்கம் கடலோடு சேர்ந்த களப்பின் உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்று நிலம். அங்கே மழைக்குக் கூரையாக ஒரு தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருந்தார்கள். படங்கின் மூன்று மூலைக்குக் கம்பு நட்டிருந்தது. நான்காவது மூலையைத் தாங்கி நின்றது அந்தச் சாம்பல் நிறக் குழாய். மாரி முழுவதும் உப்புச் சேற்றிலே நின்றிருக்கிறது. அதனைக் கட்டியிருந்த இரும்புக் கம்பி துருவாகி, தொட்டதும் உதிர்ந்தது. குழாயில் துரு இல்லை. கம்பியின் துரு ஒழுகிய கோடு ஒன்று இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாலும் போய்விடும் என்பது போன்ற கோடு. விரலால் துடைத்தேன். போய்விட்டது.

கடைக்காரர் என் விரலைப் பார்த்தார். பின்பு குழாயைப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். அடிப்பக்கத்தையும் கழுவ அதனைச் சேற்றில் இருந்து பிடுங்கினார். படங்கின் அந்த மூலை சரிந்து தேங்கியிருந்த மழைத்தண்ணீர் முழுவதும் எங்கள் மேல் கொட்டியது.

"ஐயா," என்றார் அவர் முகத்தை வழித்துக்கொண்டு, "கொழும்புக்காரன் சொன்னது..."

"ஓம். எனக்கும் அதுதான் நினைவு வந்தது."

உள்ளே போய்த் தலையைத் துவட்டிய பின் அவர் தொலைபேசியில் தேடினார். வாசித்தவரின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"நம்மட கறுப்பு மண்ணில டைட்டேனியமும் இரும்பும் சேந்து கிடக்காம். காந்தம் பிடிச்சது இரும்பையாம் ஐயா. பிறகு, அதைப் பிரிச்சு எடுத்த டைட்டேனியத்தில காந்தம் ஒட்டாதாம். இரும்பை விடப் பாரமும் குறைவாம்."

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஏத்தினது?"

"பாதி இரும்பு ஐயா! நம்மட மண்ணே நம்மள மொக்கனாக்கிட்டு!"

மணலின் குணத்தை அதற்குள் இருக்கும் உலோகத்தின் குணம் என்று எண்ணியதே எங்கள் பிழை. நெல்லின் முனை கையில் குத்தும் என்பதற்காகச் சோறும் குத்தும் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் கண்ணால் கண்டு, கையால் தூக்கி, தோளால் சுமந்து அறிந்த ஒன்றைத் தொலைபேசியில் வந்த குரல் மறுத்தால் எவர்தான் ஏற்பார்? அவருடைய வாப்பா இருந்திருந்தால் எங்கள் பக்கமே நின்றிருப்பார்.

"அந்த மனிசனுக்கு நான் ஏசின ஏச்சுக்கு இப்ப என்ன செய்யிறது ஐயா?"

"ரெண்டு முட்டி எருமைத் தயிர் அனுப்புங்கோ."

"ரெண்டு காணாது. நான் அவன்ட உம்மாவையும் இழுத்தனான்."

பழைய குழாயை எடுத்துக்கொண்டு சாம்பல் நிறக் குழாயைத் தருவதாகச் சொன்னார். வேறெதுவும் வேண்டாம் என்றார். ஆனால் நான் உடனே வாங்கிவிடவில்லை. முதன்முறை பொருளின் உண்மையை மட்டும் ஆராய்ந்தேன். அது எனக்குத் தகுமா என்று ஆராயவில்லை. இம்முறை கதிரையில் இருந்து நிதானமாகக் கேட்டேன். இது எனது காருக்கென்று செய்யப்பட்டதன்று. எங்கள் பகுதியில் எவராலும் இதனை ஒட்ட இயலாது. அதற்கு வேறு வாயுவும் வேறு கருவியும் வேண்டும். பின்பகுதி துருப்பிடிக்காது நின்றாலும் முன்னால் எஞ்சினில் இருந்து வரும் குழாய் இரும்பேதான். அதனைப் பார்த்துப் பேணவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகக் காருக்காகச் செய்யப்பட்டதாகையால் சத்தம் அதிகம். சத்தத்தைக் குறைக்கும் சிறிய உட்குழல் ஒன்றைத் தேடித் தந்தார். குறையுமே ஒழிய இல்லாமற் போகாது என்பதையும் மறைக்காமற் சொன்னார்.

இந்தக் குறைகள் அனைத்தையும் ஒரு பக்கம் வைத்தேன். மறுபக்கம் வைக்க என்னிடம் ஒன்றே இருந்தது. அது பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு வீதியோரத்தில் நின்றது.

குழாயைக் காரில் ஏற்றினேன்.

வெல்டிங் கடைக்காரர் இம்முறை நெருப்பை எடுக்கவில்லை. "இதில நான் சுட்டால் பழுதாப் போகும் ஐயா" என்றார். இரும்பில் ஒரு தட்டு வெட்டித் துளையிட்டு, இடையில் வெப்பந் தாங்கும் வளையம் வைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். டிக்கியின் கீழே இருந்த துளைகள் யாவற்றையும் தகரம் வைத்து மூடினார். எஞ்சினை முடுக்கியதும் கடையின் கூரைத் தகரம் அதிர்ந்தது. வீதியால் போன இரண்டு பொடியன்கள் நின்று பார்த்து, ஓட்டுபவர் யார் என்று கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் என் மனைவியார் குசினியில் இருந்து வெளியே வந்தார்.

"என்ன இது, லாண்ட்மாஸ்டர் மாதிரி?"

உழவு இயந்திரத்தோடு ஒப்பிட்டதை நான் மறுக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். மணலையும் காந்தத்தையும் பற்றிச் சொன்னேன். படங்குத் தண்ணீர் கொட்டிய இடத்தில் அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும், "மூண்டாவது குழாய்" என்றார். "இதையும் நம்பி நான் ஏறி, இடையில இறங்கி நிக்கோணுமோ?"

"இப்ப பயணம் வேண்டாம். நிக்கிற காருக்குள்ள இருந்து பாரும்."

கையைத் துடைத்துவிட்டுப் பின் ஆசனத்தில் ஏறினார். கண்ணாடிகளை உயர்த்தச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு நான் இறங்கிப் படலையடியில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, நிமிர்ந்து இருந்தார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, என்ன நடக்கிறது என்று என்னைக் கைச்சாடையாற் கேட்டார். சோதனை என்று மட்டும் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிராது.

நெடுநேரத்துக்குப் பின் கதவு திறந்தது.

"மணம் இல்லை. சத்தம்தான்."

"சத்தத்துக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

"சத்தம் எனக்கு ஓங்காளம் தராது." இறங்கி இரண்டடி நடந்து திரும்பினார். "வெள்ளிக்கிழமை உப்புவெளி மட்டும் வாறன். அங்க இருந்து பஸ் எடுப்பன்."

வெள்ளிக்கிழமை முன் ஆசனத்தில், எனது பக்கத்தில் இருந்தார். பஸ்ஸுக்கான சில்லறையைக் கையில் பொத்திவைத்திருந்தார். உப்புவெளிச் சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்டவாக வந்ததும் நான் வேகத்தைக் குறைத்து ஓரம் எடுத்தேன்.

"ஏன் மெதுவாப் போறியள்?" என்றார்.

நான் வேகத்தைக் கூட்டினேன். நிலாவெளியைத் தாண்டினோம். போன முறை இறங்கிய இடத்தையும் தாண்டினோம். அவர் கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கக்கண்டிப் பாலத்தில் எங்களுக்கு முன்னே போன பஸ்ஸை முந்தினேன். குழாய் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. குச்சவெளி வருமட்டும் குழாயைப் பற்றியோ மணத்தைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை.

மைத்துனியார் வாசற்கதிரையில் இருந்தார்.

"என்னடி சத்தம் இது? நேவிக்காரர்தான் வாறாங்கள் எண்டு நினைச்சுப் பயந்திட்டன்."

"இவர்ட கார் அக்கா."

"நீ இதிலயோ வந்தனி? உனக்கு அதுக்குள்ள இருக்க ஏலாது எண்டெல்லோ சொன்னனி?"

என் மனைவியார் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து தமக்கையாருக்குப் பரிமாறினார். நான் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வரும்போது மைத்துனியார் சாப்பாட்டைத் தொடாமல் வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒருக்காக் கடற்கரைப் பக்கம் போகவேணும் மாதிரிக் கிடக்கு. கோயிலுக்கும் போய்க் கன காலம். ஆனா காருக்குள்ள ஏறினால் எனக்கும் தலை சுத்தும். உன்னை மாதிரித்தான் நானும்."

"மணம் இல்லை அக்கா," என்றார் என் மனைவியார். "நான் திருகோணமலையில இருந்து இதிலதானே வந்தனான். சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டுப் போவம்."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பின் ஆசனத்தில் கிடந்த சாமான்களை இறக்கி மைத்துனியாருக்கு இடம் செய்யப் போனேன்.